ரிலீவர் வரும்வரை

மகள் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து வைத்துவிட்டுப் போன ஸ்லோ குக்கரில் அன்று கோழி வெந்துகொண்டிருந்தது. வெளியே ஐப்பசி அடைமழை. ஜன்னல்களைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணிவாக்கில் சமையலறைப் பக்கமிருந்து ஒரு வாசனை வந்தது. இஞ்சி என்று சொல்லலாம், ஆனால் இஞ்சியின் உறைப்பு அதில் இல்லை. நாட்டுமருந்துக் கடையில் டப்பாவைத் திறந்தால் வருமே, காரமும் குளிர்ச்சியும் கலந்த நெடி, அது. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மழைக்காலத்தில் அம்மா லெக்கோ அடுப்பில் வைத்த கோழிச்சாற்றின் வாசனை அது. நெய்வேலியில் அப்போது நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அம்மாவும் இல்லை. ஆனால் அரத்தை அப்படியேதான் மணக்கிறது.

லெக்கோ என்றால் இன்று நெய்வேலிப் பிள்ளைகளுக்கே தெரியாது. வகுப்பில் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். சுரங்கத்திலிருந்து எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்டப் பாதி ஈரம்தான். அப்படியே அடுப்பில் போட்டால் வீடெல்லாம் புகை. அதை நொறுக்கி, உலர்த்தி, அச்சில் அழுத்திக் கட்டியாக்கி, பிறகு காற்றுப் படாமல் சூடேற்றித் தாரையும் புகையையும் பிரித்துவிட்டால் மிஞ்சுவது புகையில்லாக் கரி. அதற்குத்தான் லெக்கோ என்று பெயர். 1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1957 மே 20-ஆம் தேதி நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடக்கிவைத்தது, 1961-இல் முதன்முதலாகக் கரி கண்ணில் பட்டது, 1962-இல் மின்சாரம் வந்தது என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே திட்டத்தில் மின்சாரத்தோடும் யூரியாவோடும் சேர்த்து, வீட்டு அடுப்புக்கான இந்தக் கரியையும் யோசித்திருந்தார்கள். விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாற்றாகத் தமிழ்நாட்டுச் சமையலறைகளில் இது எரிய வேண்டும் என்பது எண்ணம். சென்னையில்கூட லெக்கோ அடுப்பு வைத்திருந்த வீடுகள் உண்டு.

பற்றவைப்பதுதான் பாடு. எங்கள் வீட்டில் இருந்தது வாளி அடுப்பு. உள்ளே களிமண் பூச்சு, நடுவில் கம்பிச் சல்லடை, கீழே காற்றுக்கு ஒரு வாய். அம்மா தேங்காய் நாரும் இரண்டு கை அடுப்புக்கரியும் போட்டுப் பற்றவைத்து, அது கனிந்த பிறகு லெக்கோவை ஒவ்வொன்றாக மேலே அடுக்குவாள். புறவாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பனையோலை விசிறியால் அந்த வாயில் வீசிக்கொண்டே இருப்பாள். நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. கரி கறுப்பாகவே இருக்கும். பிறகு ஓரத்தில் மெல்லிசாகச் சாம்பல் பூக்கும். அதற்குப் பிறகு உள்ளே செம்மை தெரியும். பிடித்துக்கொண்டுவிட்டால் விடியவிடிய நின்று எரியும். அடுப்பை வீட்டுக்குள் மட்டும் கொண்டுவர மாட்டாள். மூடிய அறையில் கரி எரிந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கார்பன் மோனாக்சைடு என்ற பெயரை நான் பிற்பாடு பாடப் புத்தகத்தில்தான் படித்தேன்.

விடியவிடிய எரிகிற தணல் எங்கள் வீட்டுக்குத் தேவையாக இருந்தது. அப்பா சுரங்கத்தில் பம்ப் பகுதியில் வேலை பார்த்தார். நெய்வேலியில் கரிப்படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் மேலே ஆட்கள் நின்று கரி வெட்ட முடியும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் ஆளும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ஷிப்ட் முடிந்துவிட்டது என்பதற்காக எழுந்து வந்துவிட முடியாது. ரிலீவர் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டால்தான் கிளம்பலாம். அவர் வரவில்லையென்றால் ஓவர்டைம். ராத்திரி பத்துக்கு முடியவேண்டிய ஷிப்ட் காலை ஆறுக்கு முடிந்த நாட்கள் உண்டு. தகவல் சொல்ல வீட்டில் போன் கிடையாது. எப்போதாவது அதே பகுதியிலிருந்து சைக்கிளில் திரும்பும் ஒருவர் வாசலில் மணியடித்து, "அக்கா, அண்ணனுக்கு ஓ.டி. ஆயிடுச்சு" என்று கத்திவிட்டுப் போவார்.

அதனால் எங்கள் வீட்டில் சமையல் என்பது ஆக்கி இறக்குவதோடு முடிவதில்லை. ஆக்கியதைக் காத்துவைக்கவும் வேண்டும். சோற்றைக் காத்துவைக்க முடியாது, ஆறிவிடும். குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடு பண்ணினால் சுண்டிப்போகும். சாறு மட்டும்தான் எத்தனை நேரம் தணலில் இருந்தாலும் மேலும் மேலும் நன்றாகிக்கொண்டே போகும்.

கோழி கொண்டுவருபவர் சுரங்கத்துக்கு அப்பால் இருந்த ஒரு கிராமத்து ஆயா. கூடையை இறக்கிவைத்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சளிக்குன்னா சேவல் வாங்காத ஆயி, முட்டையிட்டு நிறுத்துன பெட்டையா வாங்கு, சாறு எறங்கும்" என்பார். இப்படி முற்றிய கோழியைக் கறிக்கு யாரும் விரும்ப மாட்டார்கள், சாற்றுக்கு அதை விடச் சிறந்தது கிடையாது. எலும்பிலும் தோலிலும் இருக்கும் பசை முழுதும் நீரில் இறங்க மணிக்கணக்கான மென்சூடு வேண்டும். கொதிக்கவிட்டால் சாறு கலங்கிவிடும்.

அம்மா மண்சட்டியில் எலும்புத் துண்டுகளைப் போட்டு, தோலுரித்த சின்ன வெங்காயம், நசுக்கிய பூண்டு, மஞ்சள், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு சீரகம் எல்லாம் சேர்த்து, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய சித்தரத்தைத் துண்டு ஒன்றைத் தட்டி அதையும் போட்டு, கொத்தமல்லியை வேரோடு கட்டி மேலே வைப்பாள். தணலின் மேல் சாம்பலை வாரிப்போட்டு, அதன் மேல் சட்டி. சாம்பல் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. சட்டியின் நடுவில் எப்போதோ ஒரு குமிழி எழுந்து உடைய வேண்டும், அவ்வளவுதான். அடுத்த குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பிள்ளைகள் நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். எங்களுக்கு மேலாக வடித்த தெளிவு. பாட்டிக்கு அதில் குழைந்த சோறு. அப்பா எந்நேரம் வந்தாலும் புறவாசல் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு, உடம்பில் மண்வாடை போகுமுன்னரே எவர்சில்வர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றபடியே குடிப்பார். அம்மா கடைசியாக. அவளுக்கு எலும்பும் அடிச்சட்டியில் ஒட்டிய மசாலாவும். அதில் தண்ணீர் விட்டுச் சூடு பண்ணிச் சோற்றில் ஊற்றிக்கொள்வாள். அப்போது அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அடுத்த குவார்ட்டர்ஸில் பாலக்காட்டுக்காரர்கள். சுரங்கமும் அனல்மின் நிலையமும் வேலை கொடுத்ததால் எங்கள் தெருவிலேயே மலையாளம், தெலுங்கு, வங்காளம் எல்லாம் கேட்கும். தொடக்கக் காலத்தில் மின் நிலையம் கட்ட சோவியத் பொறியாளர்கள் வந்து தங்கியதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி சாக்கடை ஓரமாக இஞ்சிப்புல் வைத்திருந்தார். கொசு வராது என்பார். காய்ச்சலென்றால் அதில் நாலு தாளை முடிச்சுப் போட்டு டீயில் கொதிக்கவிடுவார். வேலிக்கு மேலாக அந்தப் புல் எங்கள் வீட்டுக்கு வந்தது, எங்கள் சட்டிச்சாறு அவர் வீட்டுக்குப் போனது. ஒருநாள் அவர் அந்தச் சாற்றில் கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுத் திருப்பி அனுப்பினார். அம்மா சந்தேகத்தோடு வாயில் வைத்தாள். அடுத்த மழைக்கு அவளே தேங்காய் துருவிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் தோட்டத்தில் ஒரு நார்த்த மரம். அதன் இளம் இலையைக் கிள்ளிவந்து நரம்பு நீக்கி, மிளகாய், பெருங்காயம், உப்பு சேர்த்து இடித்து வேப்பிலைக்கட்டி பண்ணுவாள். ஓர் இலை மிஞ்சினால் சாற்றில் விழும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், குக்கரில் வெந்துகொண்டிருந்த, மகள் சொல்லிக்கொடுத்த தாய்லாந்து சூப்பும் ஏறக்குறைய இந்தச் சரக்குகளால் ஆனதுதான் என்பது எனக்கு உறைத்தது. அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவளோடு வேலை பார்க்கும் தாய்லாந்துப் பெண். லாம்பாங் மாகாணத்துக்காரி. அப்பாவுக்கு எங்கே வேலை என்று பேச்சு வந்தபோது, மே மோ சுரங்கம் என்றாளாம். தாய்லாந்தின் மிகப் பெரிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் அது. அதை ஒட்டியே அந்நாட்டு மின்வாரியத்தின் அனல்மின் நிலையம். அங்கும் சுரங்கம் விரிய விரியக் கிராமங்கள் இடம்பெயர்ந்திருக்கின்றன. மகள் அன்றிரவே போன் செய்து, "அம்மா, அவளும் நம்மள மாதிரி கரி ஊர்ப் பொண்ணும்மா" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது தோம் கா கை, அரத்தையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கோழிச் சூப். தாய்லாந்துக்காரர்கள் போடுவது பேரரத்தை, பச்சையாக, வட்டவட்டமாக நறுக்கி. இங்கே பச்சையாகக் கிடைப்பது அரிது. கிடைக்காதபோது காய்ந்த சித்தரத்தையைத் தட்டிப் போடுகிறேன். அதற்கு நெடி அதிகம், அளவு பாதி போதும். இஞ்சிப்புல்லின் அடித்தண்டை அம்மிக்குழவியால் ஒரு தட்டு. அவர்கள் சேர்க்கும் ஒருவகை எலுமிச்சை இலைக்கு நார்த்த இலை. உப்புக்கு அவர்கள் மீன் நொதித்த சாற்றை விடுகிறார்கள். கடலூர் கடற்கரையிலிருந்து வரும் சென்னாக்குனியை வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகை போட்டு நான் அந்தச் சுவையைக் கொண்டுவருகிறேன். இனிப்புக்கு அவர்களுக்கும் பனைவெல்லம், நமக்கும் பனைவெல்லம். மிளகாய் ஊசிமிளகாய், கிள்ளாமல் நசுக்கி.

கோழியின் தொடைப்பகுதி எலும்போடு. நெஞ்சுக்கறி நீண்ட சூட்டில் நார்நாராகி வறண்டுபோகும். கறி, அரத்தை, புல், வெங்காயம், கொத்தமல்லி வேர் எல்லாம் மூழ்கத் தண்ணீர் விட்டுக் குறைந்த சூட்டில் ஆறேழு மணிநேரம். தேங்காய்ப்பாலை ஆரம்பத்திலேயே விட்டால் அவ்வளவு நேரச் சூட்டில் எண்ணெய் வேறு பால் வேறாகத் திரிந்துவிடும். கடைசி அரைமணியில்தான் அது. காளானும் அப்போதுதான். எலுமிச்சைச் சாறு அணைத்த பிறகு, கிண்ணத்தில். நடுவில் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. உள்ளே சேர்ந்த சூடு போய்விட்டால் அது மறுபடி ஏற நேரம் பிடிக்கும். அரத்தைத் துண்டையும் புல்லையும் தின்பதில்லை. கிண்ணத்தில் ஒதுக்கிவைத்துவிட வேண்டும்.

இந்த ஸ்லோ குக்கருக்கும் ஒரு கதை உண்டு. இதைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர். லித்துவேனியாவில் தான் வளர்ந்த ஊரைப் பற்றி அவருடைய தாய் சொல்லுவாராம். சனிக்கிழமை ஓய்வுநாளில் யூதர்கள் அடுப்புப் பற்றவைப்பதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாலை இறைச்சியும் பயறும் போட்ட சட்டிகளை ஊர் ரொட்டிக்கடைக்குக் கொடுத்தனுப்புவார்கள். வேலை முடிந்து தணிந்துகொண்டிருக்கும் ரொட்டியடுப்பின் சூட்டிலேயே அது இரவெல்லாம் வெந்து மறுநாள் உணவாகும். அந்தத் தணிந்த சூட்டை மின்சாரத்தில் கொண்டுவர முடியுமா என்று யோசித்து அவர் செய்த பாத்திரத்துக்கு 1940-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-களில் வேறொரு நிறுவனம் அதை வாங்கிப் புதுப்பெயரில் விற்றபோது அமெரிக்க வீடுகளில் பரவியது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் போட்டுவிட்டுப் போய் மாலையில் வந்து சாப்பாடு போட அது உதவியது.

தணலைப் பற்றி நினைக்கும்போது வடலூரை விட்டுவிட முடியாது. நெய்வேலியிலிருந்து கூப்பிடு தூரம். வள்ளலார் 1867-இல் தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. தைப்பூசத்தன்று ஏழு திரை விலக்கிக் காட்டும் ஜோதியைப் பார்க்க அம்மா எங்களை அழைத்துப் போவாள். அந்த நாளில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. உயிர்க்கொலை கூடாது என்றவருடைய சந்நிதிக்குப் போகிற நாளில் சட்டியையே தொடமாட்டாள். ஜோதி பார்த்த பிறகு தருமச்சாலையில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் பெரிய அடுப்பை எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் இதை அணைக்கவே மாட்டார்கள் என்று கேட்டேன். "பசிச்சவன் எந்நேரம் வருவான்னு அடுப்புக்கு எப்படித் தெரியும்? அதான் அணையக் கூடாது" என்றாள். ஓ.டி. முடித்து வருகிறவருக்காகத் தணல் காத்தவளுக்கு அந்த அடுப்பு எளிதாகவே விளங்கியிருக்கிறது.

லெக்கோ நின்றுபோனது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் கேஸ் இணைப்பு வந்தது. அம்மா பாலையும் காபியையும் அதில் வைத்துக்கொண்டு, சாற்றுக்கு மட்டும் வாளி அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு கரி செய்த ஆலையையே மூடிவிட்டார்கள். உர ஆலையும் நின்றது. நாங்கள் பார்த்து வளர்ந்த முதல் அனல்மின் நிலையமும் 2020-இல் ஓய்ந்தது. கோழிக்கார ஆயாவின் கிராமம் இருந்த இடத்தில் இன்று சுரங்கப் பள்ளம். கடைசியாக அவர் வந்தபோது, "கோழிய ஓட்டிக்கிட்டுப் போயிடலாம் ஆயி, கெணத்த எப்படிக் கொண்டுபோறது" என்றார். எங்கள் விளக்கு எரிய அவர் தம் மண்ணைக் கொடுத்தார். அதைச் சொல்லாமல் இந்த ஊரின் எந்த நல்ல நினைவையும் எழுத எனக்கு மனம் வருவதில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். இந்த ஊர் வழக்கம் அது. சாமானை ஏற்றிக்கொள்ளலாம், மரத்தை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து வந்த குடும்பத்துப் பெண்ணிடம் அம்மா நார்த்த மரத்தைக் காட்டி, எந்தக் கொழுந்தைக் கிள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தாள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரை கடந்தபோது கடலூர் மாவட்டம் முழுக்கப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நெய்வேலிச் சாலைகளில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அந்த நார்த்தையும் அன்றைக்குப் போயிற்று. அதற்கு முன்பே அந்தப் பெண் எனக்கு ஒரு பதியம் போட்டுக் கொடுத்திருந்தார். இப்போது சூப்பில் விழுவது அதன் இலைதான்.

என் கணவரும் ஷிப்ட் வேலைக்காரர். கல்யாணமான நாளிலிருந்து பத்தரை, பதினொன்றுக்குத் திரும்பும் மனிதருக்காக எதையாவது சூடாக வைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பழகிப்போனது. அவர் வாசலில் வண்டி நிறுத்தும் சத்தம் கேட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கும் வேலையை இந்த ஸ்லோ குக்கர் குறைத்துவிட்டது. அவரே கிண்ணத்தில் ஊற்றிக்கொள்கிறார், எனக்கும் ஊற்றித் தருகிறார்.

எதிர் குவார்ட்டர்ஸில் ஓர் இளம் தம்பதி வந்திருக்கிறார்கள். சுரங்கத்தில் வேலை அந்தப் பெண்ணுக்கு. பல தலைமுறையாகச் சுரங்கங்களில் பெண்கள் இரவில் வேலை பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2019-இல் அந்த விதி தளர்ந்தது. சம்மதம் தெரிவிக்கும் பெண்கள் தக்க பாதுகாப்போடு திறந்தவெளிச் சுரங்கத்தில் இரவுப் பணியும் செய்யலாம் என்று வந்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, காலணியில் செம்மண்ணோடு, ராத்திரி அவள் வந்து இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அப்பா நினைவு வரும்.

அன்று மழைக்கு அவர்களுக்கும் ஒரு தூக்குவாளியில் சூப் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அந்தப் பையன் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் வாசலிலேயே நின்று, "ஆன்ட்டி, இத எப்படிப் பண்ணணும்னு சொல்லுங்க. அவளுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட். ரிலீவர் வரலைன்னா ரொம்ப லேட் ஆயிடுது" என்று கேட்டு, சொல்லச்சொல்ல போனில் தட்டிக்கொண்டான். வீட்டில் ஸ்லோ குக்கர் இல்லை, கனமான அலுமினியச் சட்டியும் கேஸில் சிம் நெருப்பும் போதுமா என்றான். தோசைக்கல்லைப் போட்டு அதன் மேல் சட்டியை வை தம்பி, நேரடி நெருப்புப் படாது, ஆனால் அடுப்பு எரியும்வரை வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். தலையாட்டிக்கொண்டு, தோட்டத்தில் நார்த்த இலை பறித்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

அம்மாவுக்காக யாரும் எந்தச் சட்டியையும் காத்துவைக்கவில்லை. அவள் காத்துவைத்தாள், நாங்கள் குடித்தோம், மிஞ்சியது அவளுக்கு. இந்த ஊர் எத்தனையோ ஷிப்ட் பார்த்துவிட்டது. வேலை முடித்து வரும் ஒரு பெண்ணுக்காக வீட்டு ஆண் அடுப்பைத் தணித்துவைத்துக் காத்திருப்பதை நான் இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். தாமதம்தான், இருந்தாலும் எனக்கு மனம் நிறைந்திருக்கிறது. அந்தப் பையனுக்கு இளங்கொழுந்தாகப் பார்த்துப் பறித்துக் கொடுத்தேன். அரத்தையைக் குறைக்காதே, தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்று, முதல் கிண்ணம் அவளுக்கு என்று சொல்லி அனுப்பினேன்.